மேற்கோள் எங்கே?

மண்டபம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
நகல் ஒரு ரூபாய், முன்னும் பின்னும் இரண்டு.
கட்டுரை இருபது.

கையெழுத்தாய்க் கேட்டால்
கோணலாய் எழுதித் தருவேன்,
ஒன்பதாம் வகுப்புக்குத் தக்க கோணல்.
பன்னிரண்டுக்கு இரண்டு பிழை குறைவு.

முன்னுரையில் 'உலகம் தோன்றிய நாள்முதல்',
முடிவுரையில் 'நாமும் கைகோப்போம்'.
நடுவே எதை வைத்தாலும் நிற்கும்:
சாலைப் பாதுகாப்பு, பெண்கல்வி,
கைபேசியின் தீமைகள்.

நெய்தல் திணை என்று ஒருமுறை வந்தது.
புன்னையை நட்டேன், நாரையை உட்காரவைத்தேன்,
தலைவியை மணலில் நிறுத்தி அழவிட்டேன்.
புன்னையை நான் பார்த்ததில்லை.
கடையிலிருந்து தெரிவது உடைமரமும்
ஐஸ் கம்பெனியின் பின்சுவரும்.

குடிநீர்ச் சிக்கனம் எழுதிக்கொண்டிருந்தபோது
தண்ணீர் வண்டி வந்தது, குடம் பன்னிரண்டு.
பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடினேன்.
நாலு குடம் பிடித்துவிட்டு வந்து
'துளித்துளியாய்ச் சேமிப்போம்' என்று முடித்தேன்.

போன ஆடியில் வனத்துறை போட்டி வைத்தது,
கடல்வளம் காப்போம்.
ஒரே கட்டுரையை நாற்பத்தோரு பேருக்கு விற்றேன்.
ரெமிஜியசுக்கு முதல் பரிசு,
ஹாஜிரா பானுவுக்கு இரண்டு,
மூன்றாவது வாங்கியவன் பெயர் நினைவில்லை.
மூவரின் தனித்தன்மையையும் நடுவர் பாராட்டினாராம்.
அன்று ராத்திரி கொத்துப் புரோட்டா வாங்கித் தின்றேன்.

நாற்பத்தோராவது ஆள் நம்புராணி.
இருபது ரூபாயையும் சில்லறையாய்த் தந்தவள்.
மறுவாரம் திருத்திய தாளோடு வந்தாள்,
"இது ஒரு காப்பி."
கண்ணாடிமேல் கவிழ்க்கும் முன் கண்ணில் பட்டது.
மூன்றாம் பத்தியில்
என் 'அலைகடல் அன்னையின் மடி' இருந்த இடத்தில்
அவளாக எழுதியிருந்தாள்:

அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு
பாறைக்கு அடியில் பாசி பிடுங்குவார்.
யாவாரி காய்ந்த எடைக்குத்தான் காசு தருவார்.
சாக்கைப் பிடுங்கியவர்கள்
ஈரத்தோடு பிடுங்கினார்கள்.

ஓரத்தில் சிவப்பு மை: மேற்கோள் எங்கே?
அதற்குக் கீழே: தலைப்பை விட்டு விலகாதே.

மெஷினின் வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது.
பிறகு இன்னொரு முறை.
ஒன்று அவளுக்கு.

ஆவணியில் 'உழைக்கும் மகளிர்' வந்தது,
உச்சிப்புளியிலிருந்துகூட ஆள் வந்தார்கள்.
மூன்றாம் பத்தியில் அதை அப்படியே வைத்தேன்.
சிவப்பு மைக்குப் பயந்து முன்னால்
'அறிஞர் ஒருவர் கூறியது போல'
என்று சேர்த்தேன்.
விலையை இருபத்தைந்தாக்கினேன்.

தம்பிக்கு வாங்க வந்த நம்புராணி
கடையில் நின்றபடியே படித்தாள்.
கச்சான் காற்று தாளின் முனையை மடக்கியது.
நீவிவிட்டு மறுபடி படித்தாள்.
'அறிஞர்' வந்த இடத்தில்
நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.
நான் ஸ்டேப்ளரைத் தேடினேன்.
கையில்தான் இருந்தது.

இருபது ரூபாய் வைத்தாள்.
"இன்னும் அஞ்சு."
"அது என்னுது."

படி இறங்கியவள் திரும்பினாள்.
"அண்ணே, இது எத்தனை பேருக்குப் போச்சு?"

டப்பாவுக்கு அடியில் கணக்கு நோட்டு இருந்தது.
அதில் அறுபத்திரண்டு கோடுகள்,
அஞ்சஞ்சாய் வெட்டிப் போட்டவை.

"பதினேழு" என்றேன்.

"எண்பத்தஞ்சு" என்றாள்,
நான் மனசுக்குள் பெருக்கி முடிப்பதற்குள்.